வாக்கு எண்ணியவரே கைதியான கதை: முஸ்தஃபா தாஜ்ஸாதே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரான் பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் சொல்லிவைத்தது போல ஒரே மாதிரி இருக்கின்றன. அதிலும் 2009 தேர்தல், அதன்பின் சிறைக்குப் போனவர்கள் என்று பேச்சு வந்தால் பாதி நேரம் பெயர்க் குழப்பத்திலேயே போய்விடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த தாஜ்ஸாதே? முசாவி தெரியும், கத்தாமி தெரியும், இவர் பெயரே கேள்விப்பட்டதில்லையே.

1956-இல் பிறந்த ஈரானிய அரசியல்வாதி. அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், மன்னர் ஷாவைக் கவிழ்த்த 1979 புரட்சி வெடித்த சமயத்தில் ஊர் திரும்பியவர், பிறகு தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். புதிய அரசில் கலாச்சார அமைச்சகத்தில் வேலை பார்த்தார். அப்போது அந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் முகமது கத்தாமி. 1997-இல் கத்தாமி ஜனாதிபதியானதும் இவரை உள்துறையில் அரசியல் விவகாரத் துணை அமைச்சராகப் போட்டார்கள். நாட்டின் தேர்தல்களை நடத்தும் பொறுப்பு அந்த நாற்காலியில்தான் இருந்தது.

2009 ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள் கைது செய்யப்பட்டு ஏழு வருடம் உள்ளே இருந்தார். 2022-இல் மறுபடியும் கைது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அதிகம் அடிபடாத பெயர்தான். ஆனால் ஈரானில் சீர்திருத்தம் என்று கிளம்பியவர்களுக்கு என்ன ஆனது என்பதை ஒரே ஆளை வைத்துச் சொல்லச் சொன்னால் நான் இவரைத்தான் எடுப்பேன்.

கொமேனி, கமேனி ரெண்டும் ஒரே ஆள்தானே? பத்திரிகையில் எழுத்து மாத்தி மாத்திப் போடுறாங்களா?

இல்லை, இரண்டு பேர். கொமேனி 1979 புரட்சியை நடத்தியவர், 1989-இல் இறந்தார். அவருக்கு அடுத்து உச்சத் தலைவராக, அதாவது ஜனாதிபதிக்கும் மேலான மதத்தலைவராக, வந்தவர் அலி கமேனி. 2009-இல் கைதுகள் நடந்தது கமேனி காலத்தில். இந்தப் பக்கத்தில் 'உச்சத் தலைவர்' என்று வந்தால் கமேனி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் எல்லாமே மதத்தலைவர் கையில் ஆச்சே, அப்புறம் எதுக்கு எலக்‌ஷன்?

நியாயமான கேள்வி. ஜனாதிபதி, நாடாளுமன்றம், உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் தேர்தல் உண்டு, கூட்டமாகப் போய் வாக்குப் போடுகிறார்கள். ஆனால் யார் வேட்பாளராக நிற்கலாம் என்று முடிவு செய்வது 'காவலர் மன்றம்' என்ற 12 பேர் கொண்ட அமைப்பு. அதில் 6 பேர் மதகுருமார்கள், உச்சத் தலைவர் நேரடியாக நியமிப்பவர்கள். மீதி 6 சட்ட வல்லுநர்களின் பெயரை நீதித்துறைத் தலைவர் கொடுக்க, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். நீதித்துறைத் தலைவரை நியமிப்பதும் உச்சத் தலைவர்தான். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் வேட்புமனுப் பரிசீலனை என்றால் வயது சரியா, கையெழுத்து இருக்கிறதா, டெபாசிட் கட்டியாச்சா என்று பார்ப்பார்கள். அங்கே ஆளின் விசுவாசத்தைப் பார்க்கிறார்கள். 2009-இல் மனுப் போட்டவர்கள் 450-க்கும் மேல், அனுமதி கிடைத்தது நான்கே பேருக்கு.

அப்படியானால் தேர்தல் வெறும் நாடகமா என்றால் அப்படியும் தூக்கிப்போட முடியாது. வடிகட்டி நிறுத்திய நாலு பேருக்குள்ளும் நிஜமான வித்தியாசம் இருந்த வருடங்கள் உண்டு, 1997 அப்படி ஒரு வருடம். தேர்தலை நடத்துவது உள்துறை, அதை மேற்பார்வை பார்ப்பது காவலர் மன்றம். இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறியில்தான் தாஜ்ஸாதேயின் வாழ்க்கையே சிக்கிக்கொண்டது.

சீர்திருத்தவாதின்னா ஆட்சியைக் கவிழ்க்க நினைக்கிறவரா?

ஈரானில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. இஸ்லாமியக் குடியரசை ஏற்றுக்கொண்டு, அதன் அரசியல் சட்டத்துக்குள்ளேயே நின்று, பத்திரிகைச் சுதந்திரம், கட்சிகள், உள்ளாட்சி, சட்டத்தின் ஆட்சி என்று கேட்டவர்கள். புரட்சியில் பங்கெடுத்தவர்கள்தான் பெரும்பாலும். 1997 மே 23 அன்று கத்தாமி கிட்டத்தட்ட 70 சதவீத வாக்கு வாங்கி, ஆட்சியின் பெரிய தலைகள் ஆதரித்த வேட்பாளரைத் தோற்கடித்தபோது இந்த முகாம் நாடறிய வெளியே வந்தது.

ஆகவே தாஜ்ஸாதேயை 'எதிர்க்கட்சிக்காரர்' என்று எழுதுவது 2009 வரைக்கும் சரியாக வராது. அவர் அந்த வீட்டுக்குள் இருந்தவர். வீட்டை விட்டு வெளியே வந்தாரா, எப்போது வந்தார் என்பது இந்தப் பக்கத்தின் கடைசியில் வரும்.

அவர் இருந்த கட்சிப் பேரில் 'முஜாஹிதீன்'னு இருக்கே, அது ஆயுதம் தூக்கின, வெளிநாட்டில் இருந்து இயங்குற இயக்கம்தானே?

இந்தக் குழப்பம் வராத ஆளே இல்லை. நீங்கள் சொல்வது 'மக்கள் முஜாஹிதீன்', கொமேனி ஆட்சியோடு மோதி வெளியேறிய இயக்கம். தாஜ்ஸாதே இருந்தது 'இஸ்லாமியப் புரட்சி முஜாஹிதீன் அமைப்பு'. இது அந்த இயக்கத்துக்கு எதிராகவே, புரட்சி முடிந்த கையோடு ஏழு சிறு குழுக்கள் சேர்ந்து உருவாக்கியது. 80-களில் கலைந்து, 90-களில் மறுபடி எழுந்தபோது இடதுசாரிச் சாய்வோடு சீர்திருத்தப் பக்கம் வந்தது. ரெண்டு பேரும் ஜென்மப் பகையாளிகள்.

இவர் 'பங்கேற்பு முன்னணி' என்ற இன்னொரு சீர்திருத்தக் கட்சியிலும் முக்கியமான ஆள். 2009 கலவரத்துக்குப் பிறகு இரண்டு கட்சிகளையும் தடை செய்துவிட்டார்கள்.

துணை அமைச்சர்னா சும்மா ஒரு பதவிதானே, அதில் அப்படி என்ன சாதிச்சார்?

1999 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தல். ஊர் மன்றங்களுக்கும் நகர மன்றங்களுக்கும் தேர்தல் நடத்த வேண்டும் என்று 1979 அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இருபது வருடம் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்து நடத்தியது கத்தாமி அரசின் உள்துறை, அதன் தேர்தல் பிரிவுக்குப் பொறுப்பு தாஜ்ஸாதே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். பட்டிதொட்டி எல்லாம் சேர்த்து அத்தனை பேரை முதல்முறையாக மக்களே தேர்ந்தெடுத்தார்கள். சிறை, கைது என்று பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

அடுத்தது 2000 பிப்ரவரி 18 நாடாளுமன்றத் தேர்தல். தெஹ்ரானின் 30 இடங்களில் ஏறக்குறைய எல்லாமே சீர்திருத்தவாதிகளுக்குப் போனது. முன்னாள் ஜனாதிபதி ரஃப்சஞ்சானியே கடைசி இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். காவலர் மன்றம் முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. மறு எண்ணிக்கை, பெட்டி பெட்டியாக ரத்து என்று மூன்று மாதம் இழுத்து, தெஹ்ரானில் மட்டும் சுமார் 7 லட்சம் வாக்குகளைச் செல்லாது என்றார்கள். அதில் அலிரெஸா ரஜாயி என்ற பத்திரிகையாளர் ஜெயித்த இடத்தை இழந்தார், அந்த இடத்தில் உள்ளே போனவர் ஹத்தாத் ஆதல். அவர் நாலு வருடம் கழித்து சபாநாயகரே ஆனார். பட்டியலில் ரஃப்சஞ்சானி மேலே ஏறினார், ஆனால் ஊர் சிரித்த சிரிப்பில் பதவியேற்காமலே விலகிவிட்டார்.

தாஜ்ஸாதே இதைச் சும்மா விடவில்லை. காவலர் மன்றச் செயலாளர் அஹ்மத் ஜன்னத்தி மீதே புகார் கொடுத்தார். அந்த நாட்டில் அது சாதாரண விஷயமில்லை.

அவரே ஓட்டு மோசடி கேஸில் தண்டனை வாங்கினவர்னு சொல்றாங்களே, அது உண்மையா?

தண்டனை உண்மை. 2000 தேர்தலில் முறைகேடு செய்ததாக அவர் மீது வழக்குப் போட்டு 2001-இல் குற்றவாளி என்றார்கள், அரசுப் பதவி வகிக்கத் தடை விழுந்தது. உள்துறை வேலை அத்தோடு போனது.

அதே தேர்தலைப் பற்றி இரண்டு புகார்கள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர் ஜன்னத்தி மீது கொடுத்தது ஒன்று, இவர் மீது வந்தது இன்னொன்று. இரண்டாவது மட்டும் விசாரணைக்குப் போனது. முதலாவது அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் ஜன்னத்தி மீதான என் புகாரை எப்போது எடுப்பீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிடிவாதக்காரர்.

சரி, 2009-ல் அப்படி என்னதான் நடந்தது?

ஜூன் 12 வாக்குப்பதிவு. பதவியில் இருந்த அகமதிநிஜாத், முன்னாள் பிரதமர் மீர் ஹொசைன் முசாவி, முன்னாள் சபாநாயகர் மெஹ்தி கர்ரூபி, புரட்சிக் காவல்படையின் முன்னாள் தளபதி மொஹ்சென் ரெஸாயி என்று நான்கு பேர். முசாவிக்கு பச்சை நிறம், தெருவெல்லாம் பச்சை ரிப்பன். வாக்குப்பதிவு அன்று செல்பேசியில் குறுஞ்செய்தி போகவில்லை, துண்டித்துவிட்டார்கள். அன்று இரவே முசாவி நான் ஜெயித்தேன் என்கிறார், கொஞ்ச நேரத்தில் அரசு தரப்பிலிருந்து அகமதிநிஜாத் அமோக முன்னிலை என்று அறிவிப்பு. கடைசியில் அவருக்கு 62 சதவீதத்துக்கு மேல், முசாவிக்கு சுமார் 34 சதவீதம் என்று முடித்தார்கள்.

ஜூன் 15 அன்று தெஹ்ரானில் இன்குலாப் சதுக்கத்திலிருந்து ஆசாதி சதுக்கம் வரை லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். 'என் வாக்கு எங்கே' என்ற அட்டைதான் எல்லார் கையிலும். ஜூன் 19 வெள்ளித் தொழுகை உரையில் உச்சத் தலைவர் முடிவு முடிவுதான் என்று சொல்லி, தெருவில் நடப்பதற்குத் தலைவர்களே பொறுப்பு என்று எச்சரித்தார். மறுநாள் நேதா ஆகா சொல்தான் என்ற இளம்பெண் தெருவில் சுடப்பட்டு இறந்த காட்சி உலகமெல்லாம் போனது. செத்தவர்கள் எத்தனை என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அரசு 30 சொச்சம் என்றது, எதிர்த்தரப்பு 72 பெயர் கொண்ட பட்டியலைக் கொடுத்தது. கஹ்ரீஸக் என்ற தடுப்புக் காவல் மையத்தில் கைதிகள் அடித்தே கொல்லப்பட்டது வெளியே வந்து, உச்சத் தலைவரே அதை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று.

மோசடிக்கு ஆதாரம் ஏதாவது உண்டா, இல்லை தோத்தவங்க புலம்பலா?

கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆதாரம் கிடையாது. பிடிக்கிற நிலையில் யாரையும் விடவுமில்லை. ஆனால் இடித்த எண்கள் உண்டு. கர்ரூபி 2005-இல் 50 லட்சத்துக்கும் மேல் வாங்கியவர், 2009-இல் அவருக்குக் காட்டியது 3.33 லட்சம். செல்லாத வாக்குகள் அதைவிட அதிகம், 4 லட்சத்தைத் தாண்டின. தன் சொந்த வட்டாரத்திலேயே அவர் அடிபட்டுப் போனார்.

ஐம்பது நகரங்களில் வாக்காளர்களைவிட விழுந்த வாக்குகள் அதிகம் என்பதைக் காவலர் மன்றமே ஒப்புக்கொண்டது. அதற்கு அவர்கள் சொன்ன விளக்கமும் கேட்கத் தக்கதுதான்: ஜனாதிபதித் தேர்தலில் அங்கே ஊர்வாரி வாக்காளர் பட்டியல் கிடையாது, அடையாளப் புத்தகத்தை எந்தச் சாவடியில் நீட்டினாலும் முத்திரை குத்தி வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து போட்டிருக்கலாம் என்றார்கள். பத்து சதவீதப் பெட்டிகளை எண்ணிப் பார்த்து ஜூன் 29 அன்று முடிவை உறுதி செய்தார்கள். என் கருத்தைக் கேட்டால், அகமதிநிஜாத்துக்குக் கிராமப்புறத்தில் நிஜமான ஆதரவு இருந்தது, ஆனால் அந்த 62 சதவீதத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

தெருப் போராட்டத்தைத் தூண்டிவிட்டதே இவர்தானாமே?

தேதியைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். மேலே சொன்ன பெரிய ஊர்வலம் ஜூன் 15. தாஜ்ஸாதே கைதானது ஜூன் 13. அதே சமயத்தில் பங்கேற்பு முன்னணியின் தலைவர் மொஹ்சென் மிர்தாமாதி, கத்தாமி அரசின் செய்தித் தொடர்பாளராக இருந்த ரமஸான்ஸாதே, மூத்தவர் பெஹ்ஸாத் நபவி எல்லாரையும் பிடித்தார்கள். கத்தாமியின் தம்பியையும், அந்தத் தம்பியின் மனைவியான கொமேனியின் பேத்தியையும்கூட அழைத்துப் போய்ப் பிறகு விட்டார்கள். வாரண்ட் எல்லாம் வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதித் தயாராக இருந்தது என்று கைதானவர்கள் தரப்பில் சொன்னார்கள்.

அதாவது நடக்காத போராட்டத்துக்கு முன்கூட்டியே தலைவர்களைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ஒரு வகையில் அதுவே எதிர்விளைவையும் உண்டாக்கியது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த, பேச்சுவார்த்தைக்கு உட்காரக்கூடிய ஆட்கள் உள்ளே, கோபம் மட்டும் தெருவில்.

கோர்ட்டில் எல்லாரும் குற்றத்தை ஒத்துக்கிட்டதை டிவியில் காட்டினாங்களே, இவரும் ஒத்துக்கிட்டாரா?

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய அந்தக் கூட்டு விசாரணையில் நூறு பேருக்கு மேல் வரிசையாக உட்காரவைக்கப்பட்டார்கள். முன்னாள் துணை ஜனாதிபதி முகமது அலி அப்தாஹி, எப்போதும் தலைப்பாகையும் அங்கியுமாகச் சிரித்த முகத்தோடு இருந்தவர், தலைப்பாகை இல்லாமல் சிறை உடுப்பில், எடை உருகி, மோசடி நடக்கவில்லை என்று ஒப்பித்தார். பார்த்தவர்களுக்கு அவர் சொன்னதைவிட அவர் இருந்த கோலம்தான் மனதில் நின்றது.

இன்னொருவர் சயீத் ஹஜ்ஜாரியான். சீர்திருத்த முகாமின் மூளை என்பார்கள். 2000-இல் தலையில் சுடப்பட்டுப் பிழைத்தவர், சரியாகப் பேச வராது. அவர் அறிக்கையை வேறொருவர் வாசித்தார். அதில் மாக்ஸ் வேபரின் சமூகவியல் கோட்பாட்டை ஈரானுக்குப் பொருத்தியது தவறு என்று ஒரு பகுதி! ஒரு ஜெர்மன் பேராசிரியர் செத்து கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து தெஹ்ரான் நீதிமன்றத்தில் கூட்டாளியாக நிற்கிறார்.

தாஜ்ஸாதேயிடமிருந்து அப்படி எதையும் வாங்க முடியவில்லை. அவருக்கு ஆறு வருடச் சிறை. ஒப்புக்கொண்டவர்களைக் கோழை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். தனிமைச் சிறையில் வாரக்கணக்கில் என்ன நடக்கும் என்பது வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. அப்தாஹி மீதும் ஹஜ்ஜாரியான் மீதும் தாஜ்ஸாதே தரப்பிலேயே யாரும் கல்லெறியவில்லை.

அப்படின்னா அவர் மன்னிப்புக் கேட்டார்னு படிச்சேனே, அது என்ன?

ஆமாம், கேட்டார், ஆனால் நீதிமன்றத்திடம் இல்லை. 2010-இல் தற்காலிகமாக வெளியே விட்டிருந்தபோது ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒப்புதல் வாக்குமூலம்தானே கேட்கிறீர்கள், இதோ தருகிறேன் என்ற தோரணை. ஆனால் அதில் அவர் ஒத்துக்கொண்டது 2009 குற்றச்சாட்டுகளை இல்லை. 80-களில் தானும் தன் தோழர்களும் செய்த தவறுகளை.

புரட்சியின் முதல் பிரதமர் பாஸர்கானை நடத்திய விதம், மூத்த மதகுரு ஷரீஅத்மதாரியை அவமானப்படுத்தியது, புரட்சி நீதிமன்றங்கள் அள்ளித் தெளித்த கோலமாகத் தீர்ப்பு எழுதியபோது வாயை மூடிக்கொண்டிருந்தது, இதற்கெல்லாம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அன்று அவர்களுக்கு நடந்ததைத் தடுத்திருந்தால் இன்று எங்களுக்கு இது நடந்திருக்காது என்பதுதான் சாரம். ஏழு வருடச் சிறையைவிட இந்தக் கட்டுரைதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். அதிகாரத்தில் இருந்த காலத்தைப் பற்றி இப்படி எழுதிய அரசியல்வாதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஈரானில் மட்டுமில்லை.

அதேநேரம், இது ரொம்பத் தாமதம் என்று சொல்பவர்கள் உண்டு. 80-களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இந்த வருத்தம் என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை.

வெளியே விட்டவரை மறுபடி ஏன் உள்ளே போட்டாங்க? அந்தக் கட்டுரைக்காகவா?

கட்டுரை எரிச்சலைக் கிளப்பியிருக்கும், ஆனால் உடனடிக் காரணம் வேறு. 2010 கோடையில் பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் பேசிய ஒலிப்பதிவு வெளியே கசிந்தது. தேர்தலுக்கு முன்பே சீர்திருத்த முகாமை எப்படிக் கண்காணித்தோம், எப்படிக் கையாண்டோம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். தாஜ்ஸாதே உட்பட ஏழு பேர் இதையே ஆதாரமாக வைத்து, தேர்தலில் தலையிட்டார்கள் என்று படை அதிகாரிகள் மீது நீதித்துறையில் முறைப்படி புகார் கொடுத்தார்கள்.

ஒலிப்பதிவில் பேசியவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. புகார் கொடுத்தவர்களைத்தான் திரும்ப வரச் சொன்னார்கள். ஆகஸ்டில் மீண்டும் எவின் சிறை. ஜன்னத்தி புகார் பற்றி மேலே சொன்னேனே, அதேதான் பத்து வருடம் கழித்து மறுபடி.

ஒரு இடத்தில் ஆறு வருஷம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்தில் ஏழு. எது சரி?

இரண்டும் சரி. தீர்ப்பு ஆறு வருடம், உள்ளே இருக்கும்போது எழுதிய கடிதங்கள், அறிக்கைகள் பேரில் இன்னொரு வருடம் சேர்த்தார்கள். 2016 ஜூனில்தான் வெளியே வந்தார். இடையில் 2010-இல் சில மாதம் வெளியே இருந்ததைக் கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு.

எவின் என்பது தெஹ்ரானின் வடக்கே, எல்போர்ஸ் மலை அடிவாரத்தில் இருக்கும் சிறை. ஷா காலத்தில் அவருடைய ரகசிய போலீசுக்காகக் கட்டியது. ஷாவை எதிர்த்தவர்கள் அதே கட்டடத்தில் தங்கள் எதிரிகளை அடைத்தார்கள், பிறகு தங்கள் தோழர்களையும். தாஜ்ஸாதேயை மற்ற அரசியல் கைதிகளோடு சேர்க்காமல் நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து அவர் மாதக்கணக்கில் பகல் நோன்பு இருந்தார். வெளியே அவர் மனைவி ஃபக்ருஸ்ஸதாத் மொஹ்தஷமிபூர், அவரும் கட்சிக்காரர்தான், கணவருக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அவரையும் ஒரு முறை பிடித்து வைத்தார்கள்.

முசாவியும் கர்ரூபியும்தானே தலைவர்கள், அவங்க ஏன் சிறைக்குப் போகலை?

2011 பிப்ரவரியில் அவர்களை வீட்டுக்காவலில் வைத்தார்கள். முசாவியின் மனைவி ஸஹ்ரா ரஹ்னவர்தையும் சேர்த்து. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, இத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. தாஜ்ஸாதேக்காவது தீர்ப்பு என்று ஒரு தாள் இருந்தது. எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

2021-ல் எப்படியும் நிராகரிப்பாங்கன்னு தெரிஞ்சே எதுக்கு ஜனாதிபதித் தேர்தலுக்கு மனு போட்டார்? விளம்பரமா?

விளம்பரம் என்றால் அவருக்கு இல்லை, கோரிக்கைகளுக்கு. குடிமகன், சீர்திருத்தவாதி, ஏழு வருட அரசியல் கைதி என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு மே மாதம் மனுக் கொடுத்தார். உச்சத் தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டும், அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், ராணுவம் அரசியலை விட்டு வெளியேற வேண்டும், ஹிஜாப் கட்டாயம் கூடாது என்று பேசினார். அந்த நாட்களில் 'கிளப்ஹவுஸ்' செயலியில் ஈரானியர்கள் ஆயிரக்கணக்கில் கூடி விடிய விடிய விவாதித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே இவர் அடிக்கடி தலைகாட்டினார். திட்டியவர்களுக்கும் நின்று பதில் சொன்னார்.

காவலர் மன்றம் நிராகரித்தது. அது எதிர்பார்த்ததுதான், அந்த முறை முன்னாள் சபாநாயகர் லாரிஜானியையே வெட்டினார்கள், அகமதிநிஜாத்தையும்! அப்போது நீதித்துறைத் தலைவராக இருந்த ரயீசி ஜெயித்தார். வாக்குப்பதிவு 50 சதவீதத்தைத் தொடவில்லை, செல்லாத வாக்குகள்தான் இரண்டாம் இடம்.

2022-ல் மறுபடி கைதானது மாஷா அமினி போராட்டத்துக்காகத்தானே?

இல்லை, அதற்கு முன்பே. அவர் கைது ஜூலை 8. ஹிஜாப் விவகாரத்தில் பிடிக்கப்பட்ட இளம்பெண் மாஷா அமினி போலீஸ் காவலில் இறந்தது செப்டம்பர் 16. கைதான அதே நாளில் திரைப்பட இயக்குநர் முகமது ரசூலோஃபையும், சில நாளில் ஜஃபர் பனாஹியையும் பிடித்தார்கள். பெரிய கொந்தளிப்பு வருகிறது என்று மோப்பம் பிடித்து வாய்களை அடைக்கிற வேலை என்றுதான் எனக்குத் தெரிகிறது, 2009 ஜூன் 13 மாதிரியே.

வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்க விடவில்லை, ஆகவே நீதிமன்றத்தில் வாயே திறக்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான சதிக்கு ஐந்து, பொய் பரப்பியதற்கு இரண்டு, பிரசாரத்துக்கு ஒன்று, மொத்தம் எட்டு வருடம். அங்குள்ள சட்டப்படி இவற்றில் பெரியது மட்டும் அனுபவிக்க வேண்டும், அதாவது ஐந்து. செய்திகளில் எட்டு என்றும் ஐந்து என்றும் மாறி மாறி வருவது இதனால்தான்.

கடைசியா ஒண்ணு. இன்னமும் அவரைச் சீர்திருத்தவாதின்னு சொல்லலாமா? சிலர் அவரும் பழைய ஆட்சியாள்தான், நம்பக்கூடாதுங்கிறாங்க.

பழைய ஆட்சியாள் என்பது சரி, அதை அவரே மறைக்கவில்லை, மன்னிப்புக் கட்டுரை பற்றிய பதிலைப் பாருங்கள். நம்புவதும் நம்பாததும் ஈரானியர்கள் பாடு. தெருவில் இறங்கிய இளைஞர்களில் பலருக்கு இந்த முகாமின் பெயரே கசப்பு. 2017 கடைசியில் தொடங்கிய போராட்டங்களிலேயே சீர்திருத்தவாதிகளே, பழமைவாதிகளே, ரெண்டு பேர் கதையும் முடிந்தது என்று கோஷம் போட்டார்கள்.

சீர்திருத்தவாதியா என்ற கேள்விக்கு 2023 பிப்ரவரியைப் பார்த்தால் போதும். முசாவி வீட்டுக்காவலில் இருந்தபடியே, இருக்கிற அரசியல் சட்டத்தால் இனி ஆகாது, புதிய சட்டத்துக்குப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று அறிக்கை விட்டார். அதே நேரத்தில் கத்தாமி, இருக்கும் சட்டத்தின் எழுத்துக்கும் உணர்வுக்கும் திரும்பினாலே சீர்திருத்தம் சாத்தியம் என்றார். ஒரே முகாமில் நின்றவர்கள் பிரிந்த இடம் அது. தாஜ்ஸாதே சிறைக்குள்ளிருந்து கத்தாமியோடு போகவில்லை, முசாவியை ஆதரித்தார். மேலே 'வீட்டை விட்டு வெளியே வந்தாரா' என்று கேட்டு விட்டிருந்தேன், வந்துவிட்டார் என்றே சொல்வேன். நான் இன்னும் அந்தப் பழைய பெயரைப் போட்டு எழுதுவது வேறு பெயர் யாரும் வைக்காததால்தான்.